யமனில்லா இடைநிலை

இளைஞர்களை உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டுகளுக்குள் தள்ளி, அடுத்து மடிபவர் யார் என்பதை எவரும் ஊகிக்க முடியாதபடி கதையை நகர்த்தும் தொடர்கள் ஜப்பானில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஹரோ அசோ 2010 முதல் 2016 வரை படைத்த மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, தழுவி ஷின்சுகே சாட்டோ இயக்கிய ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ அவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. நெட்ஃபிளிக்ஸில் அதன் முதற்பருவம் 2020இலும் இரண்டாவது 2022இலும் மூன்றாவது 2025இலும் வெளியாயின. அதன் ஈர்ப்பைத் திகிலாலும் திருப்பங்களாலும் மட்டுமே விளக்குவோர் முதல் இரு பருவங்களின் அடியில் ஓடும் சமயக் கேள்வியைக் காணத் தவறுகின்றனர். செய்யும் வினைக்கும் எய்தும் பயனுக்கும் தொடர்பே இல்லாத ஓர் உலகில் ஒருவர் நல்லவராக இருப்பதற்கு எந்தக் காரணம் எஞ்சி நிற்கும் என்பதே அக்கேள்வி.

வேலையின்றி வீடியோ கேம்களில் பொழுதைக் கழிக்கும் அரிசு என்னும் இளைஞனும் அவனுடைய நண்பர்களான கருபேயும் சோட்டாவும் டோக்கியோவின் ஷிபுயா நிலையக் கழிப்பறையில் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வரும்போது நகரம் ஆளரவமற்றுக் கிடக்கிறது. அங்கே உயிர்வாழ ‘விசா’ வேண்டும். அதை விளையாட்டில் வென்றே பெற வேண்டும். காலாவதியானால் வானிலிருந்து பாயும் ஒளிக்கற்றை உயிரைப் பறித்துவிடும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு: இஸ்பேட் உடல்வலிமையையும், கிளாவர் கூட்டுமுயற்சியையும், டைமண்ட் அறிவையும், ஆட்டின் என்னும் இதயச்சீட்டு மனத்தையும் நம்பிக்கைத் துரோகத்தையும் சோதிப்பவை. இரண்டாம் பருவத்தின் இறுதியில், ஷிபுயாவின் மேல் விண்கல் வெடித்ததில் இதயத்துடிப்பு நின்றுபோனவர்களே அங்கு வந்து சேர்ந்தனர் என்பது தெரியவருகிறது.

சாவுக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே உள்ள இத்தகைய இடைநிலையை வடமொழிப் பௌத்த நூல்கள் அந்தராபவம் என்று அழைக்கும். தேரவாதம் அதை ஏற்காவிட்டாலும், வசுபந்துவின் அபிதர்மகோசம் அதை விரிவாக நிலைநாட்டுகிறது. சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்ற இக்கருத்தோடு பத்து அரசர்களின் வழிபாடும் இணைந்தது. இறந்தவர் 49 நாட்கள் இடைநிலையில் இருப்பார் எனவும், ஏழு நாட்களுக்கு ஒருமுறை ஓர் அரசர் முன் நிறுத்தப்படுவார் எனவும், ஐந்தாமவரான எம்மா அவருடைய வாழ்நாள் வினைகள் அனைத்தையும் ஒரு கண்ணாடியில் காட்டுவார் எனவும் அம்மரபு கூறுகிறது. இந்த எம்மா, தமிழர் அறிந்த யமனேதான். பெற்றோருக்கு முன்னே இறந்த குழந்தைகள் சான்சு ஆற்றின் கரையில் கற்களை அடுக்குவதையும், பூதங்கள் அவற்றைத் தட்டிவிடுவதையும், ஜிசோ போதிசத்துவர் வந்து அக்குழந்தைகளைத் தம் ஆடைக்குள் அணைத்துக்கொள்வதையும் அதே மரபு கூறுகிறது. கொடிய காட்சிதான் என்றாலும், அங்கே தீர்ப்பும் உண்டு, கருணையும் உண்டு.

அசோவின் இடைநிலையிலோ எம்மா இல்லை, கண்ணாடி இல்லை, ஜிசோவும் இல்லை. விதிகள் மட்டும் இருக்கின்றன. அவை எவருடைய கடந்தகாலத்தையும் கேட்பதில்லை. நல்லோர் பிழைப்பர் என்ற உறுதியுள்ள கதையில் முடிவை முன்கூட்டியே அறிந்துவிடலாம்; அவ்வுறுதியை நீக்கியதிலிருந்தே இத்தொடரின் கணிக்கவியலாமை பிறக்கிறது. படிப்பும் உழைப்பும் உரிய பலனைத் தரும் என்ற வாக்கில் நம்பிக்கை தளர்ந்த இளம் பார்வையாளர்களுக்கு அவ்வுலகம் அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஆட்டின் ஏழு என்னும் விளையாட்டு இக்கேள்வியை அதன் கூர்மையான முனைக்குக் கொண்டுசெல்கிறது. நால்வரில் ஒருவர் ஓநாய், மற்ற மூவர் ஆடுகள். ஓநாயின் கண்ணில் படுபவர் அடுத்த ஓநாய் ஆவார். நேரம் முடியும்போது ஓநாயாக இருப்பவர் மட்டுமே பிழைப்பார். இறுதியில் ஓநாயாகிப்போன அரிசு, தன் உயிரை நண்பர்களுக்குக் கொடுத்துவிட அவர்களைத் தேடி அலறிக்கொண்டு ஓட, அவர்களோ அவன் பிழைக்கட்டும் என்று அவன் கண்ணில் படாமல் மறைந்தே இருந்து மடிகின்றனர். பிறரை வேட்டையாடுவதற்காக வகுக்கப்பட்ட விதிகளைக் கொண்டே பிறருக்காக உயிரைக் கொடுக்கும் இச்செயலுக்கு அங்கே சாட்சி இல்லை, புண்ணியக் கணக்கு இல்லை, மறுமை வாக்குறுதியும் இல்லை. ஆயினும் அது தூய்மையான தியாகமன்று. நான்காமவளான ஷிபுகியைச் சோட்டா பிடித்து நிறுத்திவிடுவதால், விரும்பாத ஒருத்தியின் உயிரும் அதில் செலவாகிறது. இக்கறையை மறைக்காமல் காட்டியிருப்பது தொடரின் பெரிய நேர்மை.

கியோத்தோ தத்துவப் பள்ளியைச் சேர்ந்த நிஷிதானி கெய்ஜி (1900–1990), சாவு நெருங்குகையில் ‘இது எனக்கு எதற்கு உதவும்’ என்ற அன்றாடக் கேள்வி தலைகீழாகி, ‘நான் எதற்காக இருக்கிறேன்’ என்று திரும்புவதைச் சமயத்தின் தொடக்கமாகக் கண்டார். பொருளனைத்தும் அர்த்தமிழக்கும் அவ்வெறுமையைப் பழைய நம்பிக்கைகளால் மூடிவிடாமல் அதனூடே கடந்து சென்றால்தான், பௌத்தம் சூனியதை என்று சொல்லும், எதையும் பற்றாத திறந்த நிலையை எய்த முடியும் என்பது அவருடைய வாதம். இரண்டாம் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆட்டின் ராணியான மிரா செய்வது, அவ்வெறுமையை மூடிவிடும் விளக்கங்களை ஒவ்வொன்றாக நீட்டுவதே. எல்லாம் எதிர்காலத்தில் நிகழும் கணினி விளையாட்டு என்கிறாள்; பிறகு, நண்பர்களை இழந்த துயரால் மனநோயுற்ற அரிசுவின் கற்பனை என்கிறாள். ஆட்டத்தின் விதியோ மிக எளியது: மூன்று சுற்றுக் குரோக்கே பந்தாட்டத்தை இடையில் கைவிடாமல் ஆடி முடிக்க வேண்டும், வெல்ல வேண்டியதில்லை. விளக்கம் எதுவும் கிடைக்காமலே தொடர்ந்து ஆடுவதுதான் அவனிடம் கேட்கப்படுகிறது. உடன் ஆடும் உசாகி என்னும் பெண்ணின் துணையால் அவன் அதைச் செய்கிறான்.

ஆட்டங்கள் முடிந்தபின், அங்கேயே தங்காமல் வாழ்வுக்குத் திரும்பத் தேர்ந்தவர்கள் மருத்துவமனையில் விழிக்கும்போது அவர்களுக்கு எதுவும் நினைவில் இல்லை. பட்ட பாடெல்லாம் வீண்போயிற்றே என்று பார்வையாளர் பலர் ஏமாறும் இடம் இது. ஆனால் தொடரின் சிந்தனை இங்கேதான் மிகவும் பௌத்தமாகிறது. செயலின் பதிவுகள் வித்துகளாக ஆலய விஞ்ஞானம் என்னும் அடிநிலை உணர்வில் தங்கும் என்றும், அவ்வாறு படிந்தவை, அதாவது வாசனைகள், நினைவின் உதவியின்றியே பின்வரும் எண்ணங்களையும் நாட்டங்களையும் உருவாக்கும் என்றும் யோகாசாரப் பிரிவு கற்பித்தது. நண்பர்கள் தன்னை ஏன் காப்பாற்றினர், எப்படிக் காப்பாற்றினர் என்பதை அறியாமலே அரிசு வாழ்வைப் பற்றிக்கொள்கிறான். அவனும் உசாகியும் ஒருவரையொருவர் எங்கோ கண்டதுபோல் நின்று பேசத் தொடங்குகின்றனர்.