மந்திரமா, மன்றாட்டா?

மனிதன் தன் வரம்புகளை உணர்ந்த நாள் முதலாகவே அவற்றைத் தாண்டும் வழியையும் தேடி வந்திருக்கிறான். நோய்க்கும் பகைக்கும் சாவுக்கும் முன் தான் எளியவன் என்று கண்டபோது, சொல்லொன்றால் அனைத்தையும் மாற்றிவிடும் ஒருவனைக் கற்பனையில் படைத்துக்கொண்டான். அவனே மந்திரவாதி. பாட்டிமார் சொன்ன கதைகளில் வாழ்ந்த அவன், இன்று நம் பிள்ளைகளின் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் குடியேறியிருக்கிறான். மந்திரவாதியாக வேடம் பூண்டு விளையாடுவது பாவமா என்பது விசுவாசமுள்ள பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்குள் மற்றொரு கேள்வி மறைந்திருக்கிறது. அதையும் சேர்த்தே நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆற்றலின் நான்கு ஊற்றுகள்

1974-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதை உருவாக்கினர். ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஐயம் எழுமிடத்தில் பகடை முடிவு சொல்லும். இன்றைய கணினிக் கற்பனை விளையாட்டுகள் பலவற்றிற்கும் இதுவே தாய். 2023-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'பால்டர்ஸ் கேட் 3' இதன் விதிகளைக் கொண்டே அமைந்தது.

முதற்பதிப்பில் மூன்றே வகைப் பாத்திரங்கள் இருந்தன: போர்வீரர், மந்திரவாதி, சமயக்குரு. பின்வந்த பதிப்புகளில் மந்திர ஆற்றல் உடையோர் பல வகையினராகப் பெருகினர். அவர்களுள் நால்வர் நம் சிந்தனைக்கு உரியவர்.

முதலாமவர் கற்றவர். ஏட்டைப் படித்து, நாள்தோறும் மந்திரங்களை மனத்தில் இருத்திக்கொள்பவர். ஒருமுறை ஓதிய மந்திரம் அவர் நினைவிலிருந்து அகன்றுவிடும் என்பது பழைய விதி. ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து எடுத்த கருத்து அது. இரண்டாமவர் பிறவியிலேயே பெற்றவர். 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இவரைத் தனி வகையாக அடிப்படை நூலில் சேர்த்தது. இவருக்கு ஏடு வேண்டாம். குருதியிலேயே ஆற்றல் ஓடுகிறது. மூன்றாமவர் ஒப்பந்தம் செய்தவர். மறைவான வலியதொரு சக்தியோடு, சிலவேளைகளில் தீயசக்தியோடும், உடன்படிக்கை செய்து ஆற்றலைக் கடனாகப் பெறுபவர். நான்காமவர் சமயக்குரு. தாம் வணங்கும் தெய்வத்தை மன்றாடிப் பெறுபவர்.

கல்வி, பிறப்பு, பேரம், மன்றாட்டு! விளையாட்டிற்காக வகுத்த இப்பிரிவுகளில் நம் வாழ்க்கையே தெரிகிறதன்றோ? உழைத்துக் கற்றவர் தம் அறிவைத் தமதே என எண்ணி, கற்பித்தவரை மறக்கிறார். பிறப்பால் செல்வமோ திறமையோ வாய்த்தவர் அதைத் தம் தகுதி எனக் கருதுகிறார். பதவிக்காகவும் பணத்திற்காகவும் மனச்சான்றை அடகு வைத்தவர், கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் படிக்கிறார். ஆற்றல் எதற்கும் ஓர் ஊற்று உண்டு. ஊற்றை நோக்கி ஒரு கடமையும் உண்டு. இவ்வுண்மையைச் சிறுவர்க்கு நினைவூட்டுமாயின் அவ்விளையாட்டை நாம் முற்றும் வெறுக்கத் தேவையில்லை.

பாவமா?

1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலர் இவ்விளையாட்டு இளைஞரைச் சாத்தான் வழிபாட்டிற்கு இட்டுச்செல்லும் என அஞ்சினர். கண்டனங்கள் எழுந்தன. 1989-இன் இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் பெயர்களையே பதிப்பாளர் விலக்கினர். பின்னர் அவை திரும்பி வந்தன. பெயரை நீக்கியதால் விளையாட்டு தூய்மையடையவும் இல்லை. சேர்த்ததால் கெட்டுவிடவும் இல்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மறைவான சக்திகளை வசப்படுத்தித் தன் பணிக்கு ஆளாக்கவும் பிறர்மீது ஆதிக்கம் கொள்ளவும் முயலும் மாந்திரிகச் செயல் எதுவும், உடல்நலம் பெறும் நோக்கோடு செய்தாலும், இறைப்பற்றுக்கு முரணானது எனக் கற்பிக்கிறது. அங்கே கண்டிக்கப்படுவது உண்மையான முயற்சி. கதையில் மந்திரவாதியாக நடிப்பவன் எந்தச் சக்தியையும் அழைப்பதில்லை. நாடகத்தில் ஏரோதாக நடிப்பவன் குழந்தைகளைக் கொல்வதில்லை. கதையையும் வாழ்வையும் பிரித்தறியும் பிள்ளைக்கு விளையாட்டு விளையாட்டே. பொழுதையெல்லாம் அது விழுங்கினால் கண்டிக்க வேண்டும். அது வேறு குறை.

பகடையும் கடவுளும்

ஆயின் நம்மைச் சிந்திக்க வைப்பவர், தீயசக்தியோடு ஒப்பந்தம் செய்தவரைவிட அந்தச் சமயக்குருவே. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதிக்கும் குருவுக்கும் ஒரே அட்டவணை. இன்ன படியில் இருப்பவர் நாளொன்றுக்கு இத்தனை முறை ஆற்றலைச் செலவிடலாம். இரவு உறங்கி எழுந்தால் செலவழித்தது மீளும். ஒருவர் கற்றது, மற்றவர் வேண்டியது. இரண்டும் ஒரே நாணயமாகிவிட்டன.

தெய்வத்தின் விருப்பத்திற்கு ஒரே ஓர் இடம் இருந்தது. பத்தாம் படியை எட்டிய குரு தம் தெய்வத்தை நேரே அழைக்கலாம். நூறுவரை எண் காட்டும் பகடையை உருட்டி, பத்து அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் தெய்வம் தலையிடும். இருபதாம் படியிலோ பகடையே வேண்டாம், அழைப்பு தவறாது. 2024-இல் திருத்திய விதிகள் பத்தாம் படியிலிருந்தே பகடையை நீக்கிவிட்டன. ஆடுவோர் நிச்சயத்தை விரும்புவர். விளையாட்டை அமைத்தவர்மேல் குறையில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்ல இயலாத தெய்வம், தெய்வமா? நம் கையிலுள்ள கருவியன்றோ அது?

கத்தோலிக்கராகிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன், தம் கற்பனை உலகை விளக்கி எழுதிய கடிதமொன்றில், மந்திரத்தையும் இயந்திரத்தையும் ஓரினமாகக் கண்டார். நினைத்ததை உடனே நிறைவேற்றத் துடிக்கும் ஆதிக்க விருப்பமே இரண்டிற்கும் வேர் என்பது அவர் கருத்து. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் சீமோனை நினைத்துப் பாருங்கள். சமாரியாவைத் தன் மாயவித்தையால் மலைக்கச் செய்த அவன், திருமுழுக்குப் பெற்ற பின்னர் திருத்தூதரிடம் பணத்தை நீட்டினான். அவன் கேட்டது தீயதா? இல்லை; தான் கைவைப்போர் தூய ஆவியைப் பெறவேண்டும் என்பதே. கேட்ட பொருள் தூயது. கேட்ட மனமோ மந்திரவாதியின் மனம்.

அம்மனம் நம்மிடம் இல்லையா? இத்தனை படி எழுதி இத்தனை பேருக்குக் கொடுத்தால் வேண்டியது கிடைக்கும், கொடுக்கத் தவறினால் தீங்கு வரும் என்று மிரட்டும் செபத்தாள்கள் நம் ஆலய இருக்கைகளில் கிடக்கவில்லையா? நவநாள் பக்தி நன்று. ஆனால் ஒன்பது நாளை விலையாகவும் வரத்தைச் சரக்காகவும் எண்ணும்போது, செபமாலை ஏந்திய கையோடே நாம் சீமோனின் வரிசையில் நிற்கிறோம்.

'அருட்சாதனங்களும் சொன்ன சொல்லால் தவறாமல் பயன் தருகின்றனவே, அதுவும் மந்திரம்தானே?' என்று சிலர் வினவலாம். அன்று. அங்கே உறுதி, குருவின் திறமையிலிருந்து வருவதில்லை. கிறிஸ்து தம் விருப்பத்தால் தந்த வாக்குறுதியிலிருந்து வருகிறது. பெறுபவரின் உள்ளம் திறவாதிருப்பின் அருள் கனி தராது. மந்திரம் சக்தியை மனிதனுக்கு அடிமையாக்கும். அருட்சாதனத்தில் மனிதன்தான் தன்னைக் கையளிக்கிறான்.

பாலைநிலத்தில் பசித்திருந்த ஆண்டவரிடம் கற்களை அப்பமாக்கும்படி சோதிப்பவன் சொன்னான். ஆற்றல் இருந்தும் அவர் மறுத்தார். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென மன்றாடினார், அது அகலவில்லை. ஆயினும் தந்தையின் விருப்பத்திற்கே தம்மைக் கையளித்தார். 'இல்லை' என்னும் விடைக்கு இடம் வைத்துக் கேட்பதே மன்றாட்டு என்பதை அவ்விரவு நமக்குக் கற்பிக்கிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை மந்திரவாதியாக விளையாடுவது கண்டு பதற வேண்டாம். அருகில் அமர்ந்து, 'உன் பாத்திரத்திற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அதற்கு அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்?' என்று கேளுங்கள். நல்லதோர் உரையாடல் பிறக்கும். அன்றிரவு குடும்பச் செபத்தில் முழங்காலிடுகையில், கேட்டது கிடைக்காவிடினும் நாளையும் இங்கே வந்து முழங்காலிடுவோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்வோம்.