மண்ணோடும் பொன்னோடும்

அறுபத்து மூன்று நாயன்மாருள் திருநீலகண்டர் தில்லையிலே வாழ்ந்த குயவர். மட்கலம் வனைந்து விற்றவர். சிவனடியார்க்குத் திருவோடு வழங்கியவர். யோகியாராய் வந்த இறைவன், தாம் அவரிடம் ஒப்படைத்த மண்ணோட்டுக்கு ஈடாகப் பொன்னோடு தந்தாலும் கொள்ளேன் என்றதாகப் பெரியபுராணம் கூறும்.

தைப்பொங்கலுக்குப் பானை வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லி வாதிடும் அடியவர்களே, அதே மாதத்து விசாகத்தில் அந்நாயனாருக்குக் குருபூசை செய்கின்றனர். இது தகுமா?

மண்தானே, உடைவதுதானே என்பது அவர்கள் நியாயம். அம்மண்ணைப் பதப்படுத்தி, மிதித்து, வனைந்து, தட்டி, உலர்த்திச் சூளையிட வேண்டும். மழை வந்தால் வேலை நின்றுவிடும். சூளையில் வெடித்தவற்றின் நட்டமும் குயவருக்கே. அலுமினியச் சட்டிக்குக் கடைக்காரர் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், மண்பானையைச் சுண்டி ஓசை கேட்டு, கீறலில்லை என்று தெளிந்த பின்னும் பேரம் பேசுகிறார். சுண்டிப் பார்ப்பதில் தவறில்லை. குயவரும் அப்படித்தான் பார்த்துத் தருவார்.