கருவி இல்லை என்று சொல்லாதே!

"எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கூடம் சரியில்லை சார். வெளிநாடு போனால்தான் ஏதாவது சாதிக்க முடியும்." நுண்ணுயிரியலும் நோய் எதிர்ப்பியலும் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம், அவர்களைக் கையைப் பிடித்து 1950களின் கல்கத்தாவுக்கு இழுத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அங்கே சம்பு நாத் தே என்றொரு மருத்துவர் இருந்தார். 1915இல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். லண்டனில் முனைவர் பட்டம் முடித்தவர், அங்கேயே தங்கிவிடாமல் 1949இல் ஊர் திரும்பினார். அங்கே அவர் கையிலெடுத்தது வாந்திபேதி என்னும் காலராவை. காலரா அன்று வங்கத்தை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அந்த நோய்க்கிருமியை ராபர்ட் கோக் இதே கல்கத்தாவில் 1884இலேயே பிரித்தெடுத்துவிட்டார். கிருமி ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்றும் அவர் ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சை யாராலும் பிடிக்க முடியவில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, காலரா வரவில்லை. கிருமி செத்துச் சிதையும்போது வெளிவரும் நஞ்சுதான் நோய்க்குக் காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள்.

தே என்ன செய்தார் தெரியுமா? நோயாளியைப் பார்த்தார். கழுநீர் போலக் குடல்வழியே குடம் குடமாக நீர் கொட்டுகிறது. அப்படியானால் நஞ்சு வேலை செய்யும் இடம் குடல். அங்கேதான் தேட வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் விளங்குகிற இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் அத்தனை துணிச்சல் வேண்டியிருந்தது!

ஒரு முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் பட்டுநூலால் கட்டினார். இரண்டு கட்டுகளுக்கும் நடுவே கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்தால், அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் புடைத்து நின்றது. கிருமி போகாத பக்கத்துத் துண்டு சப்பையாகக் கிடந்தது. 1953இல் இதை வெளியிட்டார். நூல், ஊசி, முயல். இவ்வளவுதான் அவருடைய படைக்கலம். நீ இல்லை இல்லை என்று பட்டியல் போடுகிறாயே, அந்தப் பட்டியலில் இருக்கிற எதுவும் அவரிடமும் இல்லை.

அதோடு நின்றாரா? கிருமியை ஒன்றுவிடாமல் வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது! உயிருள்ள கிருமி சுரந்து வெளியே விடுகிற நஞ்சே காலராவின் காரணம் என்பது நிரூபணமாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழில் சில பத்திகளில் அது அச்சேறியது. கோக்கின் ஊகத்துக்கு 75 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை.

மாலை மரியாதை வந்ததா? இல்லை. இந்தியாவின் அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய விருது ஒன்றுமில்லை. 1973இல் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். இதை எழுதும்போது என் இரத்தம் கொதிக்கிறது, மறைக்க மாட்டேன். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அதே பரிசுக்கு இவரை ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1978இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். அறுபதுகளிலிருந்தே செத்துக் கிடந்த தன்னைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று அங்கே அவர் பேசினார். 1985இல் காலமானார்.

ஆனால் அவர் கட்டிய அந்தக் குடல் முடிச்சு என்ன ஆயிற்று என்று பார்! உலக ஆய்வுக்கூடங்கள் அதைக் கையிலெடுத்தன. பேதி உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளை அடையாளம் காண அது வழிவிட்டது. 1969இல் காலரா நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். அந்த நஞ்சின் தீங்கற்ற பாகத்தைச் சேர்த்தே பிற்பாடு வாய்வழித் தடுப்பு மருந்து ஒன்று செய்யப்பட்டது. எந்த விருதுக் குழு கைவிட்டாலும் அந்த உண்மை கைவிடவில்லை.

அதே கல்கத்தாவிலிருந்து போன மருத்துவர் திலீப் மகலானபிஸ் 1971இல் காலரா பரவியிருந்த வங்கதேச அகதிகள் முகாமில் நின்றார். ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 3.6 ஆக இறங்கியது. பற்றாக்குறை அவரைத் தடுத்ததா, தள்ளியதா? நீயே சொல்.

தம்பி, தங்கை, உன் ஊரிலும் நோய் இருக்கிறது. காசநோய் இருக்கிறது, டெங்கு இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. கருவி வாங்கப் பணம் வரும்வரை காத்திருக்காதே. அரசு மருத்துவமனை வார்டுக்குப் போ, நோயாளியின் அருகில் நில், எல்லோரும் தெரியும் என்று தாண்டிப் போகிற ஒன்றை உன் கண்ணால் பார். உன் கேள்வியை ஒற்றை வரியில் எழுது. அதைச் சோதிக்க உன் கல்லூரியில் இன்று என்ன இருக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே வேலையைத் தொடங்கு.