உச்சிக்கு விண்ணப்பம் இல்லை

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதியாக, பழைய பேச்சில் முன்சீப்பாக, வர நினைக்கும் இளம் வழக்கறிஞர் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல். மொழிபெயர்ப்புக்குத் தனித் தாள். வாய்க்கால் தகராறையும் வாடகைப் பாக்கியையும் விசாரிக்கப் போகிறவருக்கு இத்தனை சல்லடை. அரசியல் சட்டத் திருத்தத்தையே செல்லாது என்று சொல்லக்கூடிய உச்ச நீதிமன்ற நீதிபதிக்கோ விளம்பரமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

நீதிபதிகளைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது அரசியல் சட்டத்தின் 124-ஆவது பிரிவு. இறுதியில் யார் சொல் நிற்கும் என்பதை அது சொல்லவில்லை. அரசு தன் சொல்தான் என்று எடுத்துக்கொண்டது. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. வந்த கையோடு, அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் தனியொருவராக மாறுபட்ட தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னாவுக்கு 1977-இல் அதே கதி. அவர் பதவி விலகினார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, நியமனத்தில் நீதித்துறையின் சொல்லே மேலானது என்று தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்தவர்களும் கொண்ட இன்றைய கொலீஜியம் 1998-இல் உருப்பெற்றது. அரசியல் சட்டத்தில் தேடினால் அது கிடைக்காது. நாடாளுமன்றம் 2014-இல் கொண்டுவந்த நியமன ஆணையத்தையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மறு ஆண்டே 4-க்கு 1 என்று நீக்கிவிட்டார்கள். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சட்டக் கல்லூரியின் பால பாடம். உச்சியில் அதற்கு விலக்கு உண்டு போலும்.

அரசு இதனால் கை கட்டிக்கொண்டு நிற்கிறது என்று எண்ண வேண்டாம். பரிந்துரைத்த பெயரை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் நியமித்தாக வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதற்கு மட்டும், மீறினால் ஏதாவது நடக்கும்படியான கெடு இல்லை. ஆகவே வேண்டியவரின் கோப்பு நடக்கிறது, வேண்டாதவரின் கோப்பு உறங்குகிறது. மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும். உறங்க வைப்பதற்கு ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.

முதல் தலித் நீதிபதியான நம் ஊர் ஏ. வரதராஜன் 1980-இலும், முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி 1989-இலும் உச்ச நீதிமன்றம் வந்தார்கள். இரண்டும் அரசின் கை ஓங்கியிருந்த காலம் என்பதைக் கொலீஜியத்தின் அன்பர்கள் நினைவில் வைக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் சண்டை யார் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியது. ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று குடிமகனுக்குச் சொல்லும் கடமையை இரு தரப்பும் விரும்பி ஏற்றதில்லை.

அதே 124-ஆவது பிரிவு இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது: சிறந்த சட்ட அறிஞர் ஒருவரை நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம். அரசு தேர்ந்தெடுத்த காலத்திலும் சரி, நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் காலத்திலும் சரி, அந்த வழியாக இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.