நோயாளிக்காகக் கை நீட்டுவது இழிவா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்ததும் பள்ளிவாசல் வாசலில் இருவர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை வைத்திருப்பார். இன்று அந்தத் துண்டு வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் ஒரு குழந்தையின் படம், கீழே வங்கிக் கணக்கு எண், அதன் கீழே "அனைவருக்கும் பகிரவும்" என்ற வேண்டுகோள்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம்மிடையே இருக்கிறது. "நம்ம வீட்டு நோயை ஊரெல்லாம் சொல்லிப் பிச்சை எடுக்கணுமா?" என்று கேட்டு, உயிரே போனாலும் வாய் திறக்காதவர்கள் ஒரு பக்கம். வாசலில் கார் நிற்க, சொந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கேட்காமல், முதல் நாளே ஊரிடம் கை நீட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் மார்க்கம் எங்கே நிற்கிறது? இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

கேட்பதற்கு அனுமதி உண்டா?

கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தச் செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, கேட்பவரை எல்லாம் கீழானவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இரு தரப்பாரைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு, அதற்கு உதவி கேட்டு அவர்கள் நபியவர்களிடம் வந்தார்கள். நபியவர்கள் அவரை விரட்டவில்லை. ஸதகா பொருள் வரும்வரை தங்கியிருக்கும்படி சொன்னார்கள். பிறகு, மூன்று பேருக்குத்தான் கேட்பது கூடும் என்று விளக்கினார்கள். பிறருக்காகக் கடன் பொறுப்பை ஏற்றவர், ஆபத்து வந்து பொருளை இழந்தவர், வறுமை பிடித்துவிட்டது என்று அவருடைய சொந்தக் கூட்டத்திலேயே விவரமுள்ள மூன்று பேர் சாட்சி சொல்லும் நிலையில் இருப்பவர். இவர்களும் தேவை தீரும்வரைதான் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டு வாங்குவது ஹராம்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. நிர்ப்பந்தத்தில் கேட்பவர் மீது குற்றமில்லை. கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவர் நிலையை விசாரித்துச் சாட்சி சொல்லும் பொறுப்பு அவரைச் சுற்றியுள்ள நமக்கு உண்டு. டயாலிசிஸுக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் இருந்த நகையெல்லாம் விற்றுவிட்டு நிற்பவரைவிட, ஆபத்தில் பொருள் இழந்தவர் என்ற சொல்லுக்குப் பொருத்தமானவர் யார் இருக்க முடியும்?

முதல் பணம் வீட்டிலிருந்து

சகோதரர்களே! ஊரிடம் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வசதியற்ற தாய் தந்தையைப் பராமரிப்பது வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. சிறு பிள்ளைகளைப் பராமரிப்பது தகப்பன் மீது கடமை. அதனால்தான் நம்முடைய ஜகாத்தைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் கொடுக்க முடியாது. அவர்களுக்குக் கொடுப்பது நம் சொந்தப் பணத்திலிருந்து வர வேண்டும். "அத்தாவோட ஆபரேஷனுக்கு இந்த வருஷ ஜகாத்தை வச்சுக்கறேன்" என்று ஒரு மகன் சொன்னால், அவர் கடமையான செலவையும் செய்யவில்லை, ஜகாத்தையும் நிறைவேற்றவில்லை.

ஆனால் உடன்பிறந்தவர்கள், மாமா, மாமி, சாச்சா போன்றோர் ஏழைகளாக இருந்தால் அவர்களுக்கு நம் ஜகாத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஏழைக்குக் கொடுப்பது ஒரு தர்மம் என்றும், உறவினருக்குக் கொடுப்பது தர்மமும் உறவைச் சேர்ப்பதுமாக இரண்டு நன்மை என்றும் நபியவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. நோயில் விழுந்த தங்கச்சிக்காக ஊர் ஊராகத் துண்டு ஏந்துவதற்கு முன்னால், நான்கு அண்ணன்மார்களின் ஜகாத்தை ஒன்று சேர்த்துப் பாருங்கள். பாதித் தொகை அங்கேயே கிடைத்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஃபிக்ஹு நூல்கள் பலவற்றில் மனைவியின் மருத்துவச் செலவு கணவன் தர வேண்டிய நஃபகாவில் சேர்க்கப்படவில்லை. அன்று மருந்து என்பது எப்போதாவது வருகிற செலவாக இருந்தது. இன்று மருந்து இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்பதால், நம் காலத்து மார்க்க அறிஞர்கள் பலர் அதை நஃபகாவில் சேர்த்தே சொல்கிறார்கள். மனைவிக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும் அவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "உங்க பொண்ணை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்கிற கொடுமை நம் சமுதாயத்திலும் நடக்கிறது. அவள் நலமாக இருந்தபோது வாங்கிய உழைப்புக்கு நோயில் கணக்கு முடிப்பதற்கு எந்த மார்க்கமும் இடம் தரவில்லை.

பத்ருப் போருக்கு நபியவர்கள் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்த மனைவி ருகைய்யா (ரலி) அவர்களைக் கவனிக்க மதீனாவில் தங்கினார்கள். நபியவர்கள் அவர்களுக்குப் பத்ரில் கலந்துகொண்டவரின் கூலியையும், போர்ப் பொருளில் பங்கையும் தந்தார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. பணம் கொடுக்க முடியாத உறவினருக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவு காவலிருப்பவர், மருந்துச் சீட்டோடு அலைபவர், நோயாளியின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுபவர் எல்லோரும் நிதி திரட்டுபவருக்குக் குறைந்தவர்கள் இல்லை.

நோயாளியின் மானமும் அமானிதம்

ஒரு முறை இஷா தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். எல்லோரும் போகும்வரை தூண் ஓரமாக நின்றிருந்தார். தாயாருக்கு மார்பில் புற்றுநோய். "ஹஜ்ரத், உதவி வேணும். ஆனா மைக்ல அம்மா பேரை மட்டும் சொல்லிடாதீங்க. கேள்விப்பட்டா மருந்தே வேணாம்னுடுவாங்க" என்றார். அந்தத் தாய்க்கு நோயைவிடப் பெரிய பயம் எது என்று பாருங்கள்.

தன்மானத்தால் வாய் திறக்காத ஏழைகளைப் பற்றி அல்லாஹ் ஸூரத்துல் பகராவின் 273-வது வசனத்தில் பேசுகிறான். விவரம் தெரியாதவர்கள் அவர்களை வசதியானவர்கள் என்று எண்ணிக்கொள்வார்கள், அவர்களோ மக்களை வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள் என்று அவர்களைப் புகழ்கிறான். அல்லாஹ் புகழ்ந்த அந்தக் குணத்தை உதவி என்ற பெயரில் நாம் உடைத்துவிடக் கூடாது.

பணம் திரட்டுபவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளிக்குச் சுய நினைவு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடாதீர்கள். ஆடை விலகிய நிலையில், கட்டுப் போட்ட உடம்போடு, மொட்டைத் தலையோடு இருக்கிற படம் அதிகப் பணம் கொண்டுவரலாம். ஆனால் அல்லாஹ் நாடி அவர் குணமாகிவிட்டால், அந்தப் படத்தை எத்தனை பேரிடமிருந்து திரும்ப வாங்குவீர்கள்? அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகிப் பெண் கேட்டு வரும்போதும் அந்தப் படம் யாருடைய போனிலாவது இருக்கும்.

கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸ் இதற்கும் வழி காட்டுகிறது. ஜமாஅத்தில் நம்பிக்கையான மூன்று பேர் மருத்துவ ஃபைலைப் பார்க்கட்டும், டாக்டரிடம் பேசட்டும், வீட்டு நிலையை விசாரிக்கட்டும். பிறகு "நம் மஹல்லாவில் ஒரு சகோதரிக்கு இன்ன தொகை தேவை, நாங்கள் விசாரித்துவிட்டோம்" என்று மைக்கில் சொன்னால் போதும். மூன்று பேருடைய சாட்சி அந்தப் படத்தின் வேலையைச் செய்துவிடும்.

பணமும் அமானிதம்

கேட்பதற்கு முன் அரசு தரும் வழிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு அலைய ஆள் இல்லாததால் இதை விட்டவர்கள் உண்டு. நம் வாலிபர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

திரட்டும்போது ஜகாத்தையும் ஸதகாவையும் கலக்காதீர்கள். ஜகாத் வாங்கத் தகுதியுள்ள நோயாளிக்குத்தான் ஜகாத் பணம் போக வேண்டும். அது அவருக்கே உரிமையாக்கப்பட வேண்டும், அல்லது அவர் அனுமதியோடு அவருடைய பில்லுக்குக் கட்டப்பட வேண்டும். தேவையான தொகை சேர்ந்துவிட்டால் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று அறிவியுங்கள். மிச்சப் பணம் வந்தால் அல்லது நோயாளி மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்கென்று கொடுக்கப்பட்டுக் குழுவின் கையில் நிற்கும் ஸதகா பணத்தை, கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் வேறு வழியில் செலவிட முடியாது. "மீதமானால் அடுத்த நோயாளிக்கு" என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி சேர்த்தால் பின்னால் சண்டை வராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இனிப் பலனில்லை என்று நேர்மையான மருத்துவர்கள் சொன்ன பிறகும், "ஊரே பணம் கொடுத்திருக்கு, நிறுத்தினா என்ன பேசுவாங்க" என்று பயந்து, குடும்பத்தார் நோயாளியை ஐசியுவிலேயே வைத்திருக்கிறார்கள். அவரோ வீட்டுக் கட்டிலில், பிள்ளைகள் கலிமா சொல்லக் கேட்டபடி போக ஆசைப்படுகிறார். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம், பலனில்லாத சிகிச்சையைக் கட்டாயமாக்கவில்லை. கொடுத்த பணம் நோயாளியின் நிம்மதிக்காகத்தான். வலி குறைக்கும் மருந்துக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ளும் செலவுக்கும் அது போகட்டும் என்று கொடுத்தவர்களே முன்வந்து சொல்லுங்கள்.

ஜனாஸா முடிந்ததும் நம் கொடையும் முடிந்துவிடுகிறது. கடன் முடிவதில்லை. பழ வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவருக்கு ஸதகா கொடுக்கும்படி நபியவர்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். திரண்டது கடனை அடைக்கப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று சொன்னார்கள். இதுவும் முஸ்லிமில் வரும் செய்தி. தகப்பனின் சிகிச்சைக்காகக் கடன் வாங்கி, அடைக்க வழியில்லாமல் நிற்கும் மகன், குர்ஆன் 9:60 சொல்லும் கடன்பட்டோரில் ஒருவர். நம் ஜகாத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது.

யார் முதலில் நடப்பது?

முளர் கூட்டத்தார் சிலர் செருப்பில்லாத கால்களோடு, கிழிந்த கம்பளித் துணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதீனா வந்தார்கள். அவர்களுடைய வறுமையைக் கண்டதும் நபியவர்களின் முகம் மாறிவிட்டது. பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் செய்து, தொழுவித்து, மக்களிடம் பேசினார்கள். ஓர் அன்ஸாரித் தோழர் கைக்கு அடங்காத ஒரு பையைச் சுமந்து வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். உணவும் துணியுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபியவர்களின் முகம் பொன்னாக மின்னியது. முஸ்லிமில் வரும் இந்த அறிவிப்பில் அந்த ஏழைகள் வாய் திறந்து கேட்டதாக இல்லை. அவர்களுக்காகக் கேட்டது அல்லாஹ்வின் தூதர்.

தலைப்புக் கேள்விக்கு நம் பதில் இதுதான். நிர்ப்பந்தத்தில் கை நீட்டும் நோயாளிக்கு இழிவில்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு நோயாளி இருப்பது தெரிந்தும், அவர் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கிறோமே, வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான். கொடுக்கும்போது "ஏன் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனீங்க" என்று குத்திப் பேசாதீர்கள். கொடுத்த பிறகு சொல்லிக்காட்டாதீர்கள். சொல்லிக்காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தர்மத்தையே அழித்துவிடும் என்று குர்ஆன் (2:264) எச்சரிக்கிறது. அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் தெருவில் நீண்ட நாள் நோயில் இருக்கும் ஒருவரையாவது போய்ப் பாருங்கள். அவர் கேட்பதற்கு முன்னால், என்ன தேவை என்று அவர் பிள்ளைகளிடம் தனியாக விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பொறுமையைத் தருவாயாக! எங்கள் கைகளில் உள்ள அமானிதத்தைக் காக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.