குலுக்கலில் இரட்டையர்: ஓர் அறநோக்கு

தில்லி மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கென 2013 டிசம்பரில் வகுக்கப்பட்ட நெறிமுறை, உடன்பிறந்தார் முன்னரே பயிலும் பள்ளியை நாடும் குழந்தைக்கு 100இல் 20 மதிப்பெண் வழங்கிற்று. 2014இல் உயர்நீதிமன்றம் அந்நெறிமுறையை நீக்கியது. அம்முன்னுரிமையின் விலையைத் தந்தோர் அப்பள்ளியில் மூத்தோர் இல்லாக் குழந்தைகளே.

ஒருங்கே விண்ணப்பிக்கும் இரட்டையர் நிலை வேறு. நால்வரில் ஒருவர்க்கே இடமெனக் கொள்வோம். தனித்தனிச் சீட்டெனின், ஒருவர் மட்டும் தேர்வுறும் வாய்ப்பு ஏறத்தாழ 8இல் 3. ஒருவர் தேர்வுறின் மற்றவரையும் சேர்த்தல் பரிவெனத் தோன்றும். ஆயின் ஒவ்வொருவர் வாய்ப்பும் 16இல் 7 ஆக உயர, இழப்புப் பிறரைச் சாரும். இருவர்க்கும் ஒரே சீட்டெனின் வாய்ப்பு 4இல் 1 என்றே நிற்கும், பிரிவும் நேராது. இருவரும் இடம் பெறாமற்போகும் வாய்ப்பு மட்டும் 16இல் 9இலிருந்து 12 ஆக மிகும். பிரியாமையின் விலையை அதனை விழைவோரே ஏற்பதால், இம்முறையே அறத்திற்கு இயைந்ததாகும்.