பேசக் கற்றவள் என்ன சொல்வாள்?

"உங்கள் சொந்த வீடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்" என்று விருந்தாளியிடம்தான் சொல்வோம். சொந்த வீட்டில் இருப்பவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிரிட்டனில் குடியேறியவர்களுக்காக பிபிசி 1965இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயருக்கு அதுதான் பொருள்: 'அப்னா ஹீ கர் சமஜியே'. 1977இல் பெண்களுக்கென்றே 'கர்பார்' வந்தது. வீடுவாசல், குடித்தனம் என்று பொருள். ஆசியப் பெண்களை ஆங்கிலம் கற்கத் தூண்டிய 'பரோசி' தொடரும் அதே ஆண்டுதான். பரோசி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்.

வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு வீடு தேடி வந்து மொழி கற்பிப்பது அவளுக்குச் செய்யும் நன்மையா, அவள் அங்கேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்வதா?

நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மருத்துவரிடம் தன் வலியைச் சொல்லக் கணவனையோ பள்ளிக்கூடம் போகும் மகனையோ துணைக்கு அழைக்க வேண்டியவளுக்கு, சொந்தமாக நாற்பது வார்த்தைகள் கிடைப்பது விடுதலைதான்.

ஆனால் எந்தப் பெண்ணை மனதில் வைத்து இவை உருவாயின? 1965 முதலே இந்த ஒளிபரப்பின் பொதுமொழி இந்துஸ்தானி. வந்தவர்களில் மிகப் பலரின் வீட்டுமொழியோ பஞ்சாபி, குஜராத்தி, சில்ஹட்டி. உதவியே அவர்களுக்கு இன்னொரு மொழியில்தான் வந்து சேர்ந்தது. அவள் வீட்டில்தான் இருப்பாள் என்பதும் ஓர் ஊகம். 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனின் க்ரன்விக் புகைப்படத் தொழிற்கூடத்திலிருந்து ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்தார். அவரோடு நின்றவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். 1978 ஜூலை வரை, சேலை கட்டிக்கொண்டு, குளிரிலும் வாசலில் மறியல் செய்தார்கள். கடைசிவரை நிர்வாகம் அவர்களுடைய சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. அவர்கள் பேசத் தெரியாததால் தோற்கவில்லை. சொன்னது நன்றாகவே புரிந்தது; கேட்கத்தான் மறுத்தார்கள்.

என் கேள்விக்கான விடையை இங்கிருந்துதான் தேடுகிறேன். மொழி கற்பிப்பது தவறில்லை. பேசக் கற்றுக்கொடுப்பவர், அவள் பேசும்போது கேட்கும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கடமையை விட்டுவிட்டால் கற்பித்தல் வெறும் நிபந்தனை: எங்களைப்போல் பேசு, பிறகு பார்க்கலாம். 'பக்கத்து வீடு' என்ற உறவில் இரண்டு வீடுகள் உண்டு. பாடம் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் அதை அண்டை உறவு என்று சொல்ல முடியாது.

புதிய மொழியில் அவள் வாய் திறந்து முதலில் சொல்வது நன்றியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அது சம்பளத்தைப் பற்றிய முறையீடாக இருக்கலாம். கணவனைப் பற்றியதாகவும் இருக்கலாம்.